பாப்பா சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வெளிக்குப் போகவில்லை: காரணத்தை எங்கே தேடுவது?

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு. பாப்பாவுக்கு இரண்டு வயது நான்கு மாதம். அவள் அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். பகலில் பாப்பாவோடு நானும் என் மாமியாரும்தான். பாப்பா அவரை ஆயா என்று கூப்பிடுவாள், நான் அத்தை என்பேன்.

கூடத்தில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறோம். கிழித்த தாளின் பின்பக்கத்தில் பாப்பா எத்தனை டம்ளர் பால் குடித்தாள், எப்போது தூங்கினாள், வெளிக்குப் போனாளா என்று மூன்று நான்கு வரி எழுதி வைப்பேன். ஒரு வருடமாக எழுதியதில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. குழந்தை அழும் நேரத்திலோ, சாப்பாட்டைத் தள்ளும் நேரத்திலோ அதற்கான காரணம் அங்கே இருப்பதில்லை. அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்திலோ, முந்தைய நாளிலோ இருக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காலண்டர் தாளைத் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. மூச்சு வாங்கி விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, எழுப்பினால் கண் திறக்கவில்லை, வலிப்பு, உதடு நீலம், எது கொடுத்தாலும் வாந்தி, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, மலத்தில் ரத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.

அறிகுறி: தட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறாள்

முதலில் பாலைக் கணக்கெடுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாளைக்கு 400 முதல் 500 மில்லி பால் போதும். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றால், காலையில் எழுந்ததும் நான் ஒரு டம்ளர், பத்து மணிக்கு அத்தை ஒன்று, மதியம் சோறு சாப்பிடவில்லையே என்ற வருத்தத்தில் ஒன்று, மாலையில் அவள் அப்பா ஒன்று, படுக்கும்போது ஒன்று. யாரும் தப்பு செய்யவில்லை. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 180 மில்லி டம்ளர் ஐந்து என்றால் 900 மில்லி. அந்த வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம்?

இரண்டு டம்ளராகக் குறைத்தோம், அதையும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுத்தோம். முதல் மூன்று நாள் அழுகைதான். நான்காம் நாள் அத்தை கிண்டிய கேழ்வரகுக் களியைக் கீரை கடைசலோடு அவளே கையை நீட்டிக் கேட்டாள்.

பால் சரியாக இருந்தால் அடுத்தது தெருமுனைக் கடை. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் பாதி போதும், ஒரு வேளைப் பசி அடங்கிவிடும். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் வாயில் எதுவும் போகக் கூடாது, தண்ணீர் தவிர. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். அவர் அன்பாகத்தான் முறுக்கு கொடுக்கிறார், அதனால் அன்பாகவே சொல்லலாம்.

அதுவும் இல்லையென்றால் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் புண் இருக்கிறதா, கடைவாய்ப் பல் முளைக்கும் இடம் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். புண் இருந்தால் காரமில்லாத தயிர்சாதம், ஆறிய கஞ்சி, இளநீர் என்று நாலு நாள் ஓட்டிவிடலாம். வாய்ப்புண்ணோடு கை காலிலும் கொப்புளம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல தாய்மார்களை அழவைப்பது இன்னொன்று: "போன வருஷம் கொழுகொழுன்னு இருந்தாளே!" முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறையும், அது இயல்பு. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்ப்பார்கள். அந்த எடை அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் நீங்கள் ஊட்டுவது போதும். கோடு இரண்டு மூன்று மாதமாகப் படுத்துக் கிடந்தால்தான் கவலை.

மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ் என்று எடுத்துத் தின்றால் அதை அடம் என்று எண்ணி அடிக்காதீர்கள். இரும்புச் சத்துக் குறைவில் குழந்தைகள் இப்படிச் செய்வதுண்டு. கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா பாருங்கள், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பழைய ஐந்து டம்ளர் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது. குடற்புழு மருந்து தவறிவிட்டதா என்பதையும் கேளுங்கள். ஒரு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கன்வாடியில் கொடுக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். சாப்பிடாத குழந்தைக்கு உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லி நாட்டு முறையில் "தொக்கம்" எடுக்க அழைத்துப் போகாதீர்கள். வயிற்றை நீவுவதும், காதிலும் மூக்கிலும் குழல் வைத்து ஊதுவதும் செவிப்பறையையும் நுரையீரலையும் கெடுக்கும். கண்ணேறு பட்டிருக்கும் என்று அத்தை உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார். நான் மறுத்ததில்லை, நெடி பாப்பாவின் மூக்கில் ஏறாமல் தள்ளிப் போடச் சொல்வேன். அப்புறம் பாலைக் கணக்கெடுப்பேன்.

அறிகுறி: மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, போகும்போது அழுகிறாள்

இதுவும் பெரும்பாலும் பாலில்தான் தொடங்குகிறது. பால் அதிகம், தண்ணீர் குறைவு, காய் கிட்டத்தட்ட இல்லை. வேலூர் வெயிலில் வியர்த்தே பாதித் தண்ணீர் போய்விடுவதால் இங்கே சித்திரை, வைகாசியில் மலம் இன்னும் இறுகும்.

பால் குறைத்தாயிற்று என்றால் கொய்யா (விதையை நீக்கி), பப்பாளி, கீரை, இரவே ஊறவைத்த உலர்திராட்சையை நசுக்கி அந்தத் தண்ணீரோடு கொடுங்கள். சாப்பிட்ட கால் மணி நேரத்தில் காலடியில் ஒரு பலகை வைத்து ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருந்தால் குழந்தைக்கு எளிதாக இருக்கும்.

மூலையில் போய் நின்று காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்கிறாள் என்றால் முக்குகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் அவள் அடக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை இறுகிய மலம் போய் வலித்தது, அந்தப் பயத்தில் அடக்குகிறாள், அடக்க அடக்க இன்னும் இறுகுகிறது. இந்தச் சுழலைப் பழத்தால் மட்டும் உடைக்க முடியாது, மருத்துவர் தரும் மலமிளக்கியைச் சில வாரம், சில நேரம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாளில் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள். சோப்புத் துண்டு, எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு வைப்பது அந்த இடத்தைப் புண்ணாக்கும், பயம் இன்னும் கூடும். வேண்டாம்.

அறிகுறி: தண்ணீராகப் போகிறது

இந்த நோயைப் பற்றி உலகம் அறிந்துகொண்டதில் நம் ஊருக்குப் பங்கு உண்டு. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பற்றி இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ககன்தீப் காங் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இந்தியாவில் உருவான ரோட்டா தடுப்பு மருந்தைச் சுமார் 6,800 குழந்தைகளிடம் சோதித்தபோது டெல்லி, புனேயோடு மூன்றாவது இடமாக இருந்தது வேலூர். 2016 முதல் அது அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் வாய்வழியே சொட்டாகக் கொடுத்திருப்பார்கள், உங்கள் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். கொடுத்திருந்தாலும் வயிற்றுப்போக்கே வராது என்றில்லை, கடுமையாகாமல் காக்கும்.

செய்ய வேண்டியது ஓஆர்எஸ், அதாவது உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல். நான் பார்த்தவரை பெரிய தவறு நடப்பது கலப்பதில்தான். "குழந்தை கொஞ்சம்தானே குடிக்கும்" என்று பெரிய பாக்கெட்டில் கால்வாசியை ஒரு டம்ளரில் கண்மதிப்பாகக் கொட்டுவார்கள். உப்பு கூடினால் அது மருந்தாக இருக்காது, குழந்தைக்கு ஆபத்து. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் சரியாக ஒரு லிட்டர் தண்ணீரில் போடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கண்ணால் அளக்காமல் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்தது. 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ருசி பிடிக்கவில்லை என்று சர்க்கரை சேர்க்காதீர்கள். டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் வேறு, பாக்கெட்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்று போட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை போனதும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. ஸ்பூனில், ஒவ்வொரு வாயாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும், அடுத்த முறை வராமல் காப்பது அதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசம்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். குழைந்த சாதம், மோர், தாய்ப்பால் எல்லாம் தொடரட்டும். கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அப்புறம் முந்தைய நாளைப் பாருங்கள்: வெளியில் குடித்த ஜூஸில் போட்ட ஐஸ், மூடாமல் வைத்த கேன் தண்ணீர், நான்கு மணி நேரம் வெயிலில் கிடந்த பால் பாட்டில்.

அறிகுறி: உடம்பு கொதிக்கிறது

கையை வைத்துப் பார்த்தால் கத்திரி வெயிலில் எல்லாக் குழந்தையும் கொதிக்கும். தெர்மாமீட்டர் வைத்து 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் காய்ச்சல். முந்தைய ஒரு மணி நேரம் அவள் மொட்டை மாடியில் விளையாடினாளா? நிழலில், ஃபேனுக்கடியில், மெல்லிய பருத்தித் துணியோடு அரை மணி உட்காரவைத்து மறுபடி பாருங்கள்.

பாராசிட்டமால் பற்றி நான் பயந்த ஒரு இரவைச் சொல்ல வேண்டும். வழக்கமாக வாங்கும் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம். ஒரு நாள் கடையில் அதே நிறத்தில், அதே பெயரில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். மூடியில் வழக்கமான அளவை ஊற்றி அவள் வாயருகே கொண்டுபோனபோது அவள் அப்பா லேபிளைப் படித்தார்: 5 மில்லியில் 250. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று மருத்துவர் சொன்னால் அது 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் (1 மில்லியில் 100) ஒன்றரை மில்லி. மருத்துவரிடம் "எத்தனை மில்லி" என்று மட்டும் கேட்காமல் "எத்தனை மில்லிகிராம்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இடைவெளி நான்கு முதல் ஆறு மணி நேரம், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடாது. துடைப்பதென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில், ஐஸ் தண்ணீரில் அல்ல.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும். பார்க்கக் கொடுமையாக இருக்கும், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து, வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. அடங்கிவிட்டாலும் மேலே சொன்னபடி உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அறிகுறி: திடீரென்று இருமல், மூச்சு அடைப்பு

நம் பக்கத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) இல்லாத வீடு ஏது? அறுவடைக் காலத்தில் வேகவைத்த மல்லாட்டை முறத்தில் குவிந்து கிடக்கும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நான்கு வயது வரை முழு மல்லாட்டை, பட்டாணி, முழுத் திராட்சை, நாவல் பழக் கொட்டை, சப்போட்டா விதை, புளியங்கொட்டை கையில் கொடுக்காதீர்கள். மல்லாட்டையை அரைத்துச் சட்னியாகக் கொடுங்கள்.

சத்தமாக இருமினால் இருமவிடுங்கள், முதுகில் தட்டாதீர்கள். சத்தமே வராமல் முகம் மாறினால் குழந்தையை முன்பக்கம் சாய்த்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையென்றால் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே முஷ்டி வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள், இன்னொருவர் 108 கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தோண்டினால் இன்னும் உள்ளே போகும்.

கொசப்பேட்டையில் எங்கள் உறவினர் வீட்டுப் பையன் மல்லாட்டை தின்னும்போது இருமினான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டான். பிறகு பத்து நாள் இருமல், இளைப்பு. சளி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து நாளில் யாருமே மல்லாட்டையை மருத்துவரிடம் சொல்லவில்லை. சொன்ன அன்றே குழாய் விட்டுப் பார்த்து, நுரையீரல் கிளையில் இருந்த பருப்பை எடுத்தார்கள். திடீரென்று தொடங்கிய இருமல் என்றால் தொடங்கிய நிமிடத்தில் வாயில் என்ன இருந்தது என்பதைச் சொல்லுங்கள்.

இதே வரிசையில் இரண்டு பொருள். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போனால் வாங்கும் மின்னும் பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரி விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று பூஜை அறைக் கற்பூரம், குழந்தைக்கு அது கல்கண்டு மாதிரி தெரிகிறது. சிறு கட்டியே வலிப்பை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்காமல் கிளம்புங்கள்.

அறிகுறி: ராத்திரி பதினொன்றுக்கும் தூங்கவில்லை

மதியத் தூக்கம் எப்போது முடிந்தது? நான்கு மணிக்கு மேல் தூங்கினால் இரவு கெடும். இந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம்.

மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரியில் காரணம் வேறு. பகலில் 40 டிகிரி தாண்டிய வெயிலைச் சுற்றிலுமுள்ள பாறை மலைகளும் நம் தளமும் குடித்து வைத்துக்கொண்டு இரவில் விடுகின்றன. நாங்கள் மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நான்கு வாளி தண்ணீர் ஊற்றுவோம், எட்டு மணிக்குப் பாப்பாவுக்குச் சாதாரணத் தண்ணீரில் குளியல். தூளி கட்டினால் காற்று உள்ளே புகாது, இந்த மாதங்களில் பாயில் பருத்திச் சேலை விரித்துப் படுக்க வைக்கிறோம். கழுத்து, முதுகில் வேர்க்குரு இருக்கிறதா பாருங்கள், அரிப்பில் தூங்காமலிருக்கலாம். பவுடரை அள்ளிக் கொட்டினால் துளை அடைபடும், மூச்சிலும் போகும்.

அறிகுறி: கடைத்தெருவில் தரையில் விழுந்து புரள்கிறாள்

நேதாஜி மார்க்கெட்டில் பாப்பா புரண்டபோதெல்லாம் காலண்டர் தாளில் ஒன்று பொதுவாக இருந்தது: மதியம் பன்னிரண்டரை, சாப்பிட்டு மூன்றரை மணி நேரம், தூக்கமும் வந்துவிட்டது. இப்போது காலை எட்டு மணிக்குப் போய் ஒன்பதுக்குத் திரும்புகிறேன், புரள்வது மிகவும் குறைந்துவிட்டது. நடந்துவிட்டால் தூக்கி ஓரமாகக் கொண்டுபோய், அடங்கும் வரை பக்கத்தில் உட்காருங்கள். கேட்ட பொருளை அப்போது வாங்கிக் கொடுக்காதீர்கள். அழுது அழுது மூச்சை நிறுத்தி நீலமாகிறாள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் தானே சரியாகும் விஷயம்தான், ஆனால் இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அறிகுறி: இன்னும் பேச்சு வரவில்லை

இரண்டு வயதில் "ஆயா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர வேண்டும். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், எதிர் வீட்டில் உருது என்பது வேலூரில் சாதாரணம். பல மொழி கேட்பதால் பேச்சு நின்றுவிடாது, எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

போன் எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேல் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாப்பாட்டு நேரத்து போனை நிறுத்தினாலே எங்கள் கணக்கில் பாதி குறைந்தது. அந்த நேரத்தில் அத்தை கோட்டை அகழியில் மீன் பார்த்த கதையைச் சொல்கிறார்.

ஆனால் போனை நிறுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்ற பேச்சில் ஒரு வருடம் போய்விடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரலால் சுட்டிக் காட்டவில்லை, வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் இந்த வாரமே காது கேட்கும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழு மருத்துவரிடமும் சொல்லலாம், வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கு உதவும் மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், கட்டணம் கிடையாது. போகும்போது பாப்பா சொல்லும் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் நேரத்தில் நமக்கு நான்கு சொல்தான் ஞாபகம் வரும்.